சத்தம் எந்த இடத்தில் நிற்கிறது? லினக்ஸுக்கு மாறியபின் நான் கற்றுக்கொண்டது

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிளேயரில் வினாடிகள் நகர்ந்தன. ஒலி அளவு நூற்றுக்கு நூறு. ஸ்பீக்கர் படத்தின்மேல் குறுக்குக்கோடு எதுவும் இல்லை. ஆனால் அறையில் கேட்டது மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அப்பா மடிக்கணினிப் பக்கம் காதைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஊமையாயிடுச்சு?" என்றார்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அப்பாவின் மடிக்கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்றுக்கொள்ளாத அளவுக்குப் பழையது. மற்றபடி நல்ல நிலையில் இருந்த இயந்திரம். தூக்கிப் போட மனம் வரவில்லை. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். வைஃபை, பிரிண்டர், டச்பேட் எல்லாம் கேட்காமலே வேலை செய்தன. அப்பா அந்தக் கணினியைத் திறப்பதே பாட்டுக் கேட்கத்தான். அது மட்டும் வரவில்லை.

அன்று இரவு நான் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். தேடியதில் கண்ணில் பட்ட கட்டளைகளை ஒவ்வொன்றாக டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில், ஒட்டினேன். ஒன்று அமைப்புகள் எழுதிய ஒரு கான்ஃபிக் கோப்பை மாற்றியது. இன்னொன்று என் பயனர் கணக்கை ஆடியோ குழுவில் சேர்த்தது. எதைச் செய்தபின் என்ன மாறியது என்று எழுதி வைக்கவில்லை. ஐந்தாவதோ ஆறாவதோ, ஒலி தொடர்பான மென்பொருள் பொதிகளை அடியோடு நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னது. நீக்கப்போகும் பொதிகளின் பட்டியல் திரையில் நீளமாக ஓடியது. படிக்காமல் 'சரி' கொடுத்துவிட்டேன். அந்த ஒலி நூலகத்தை நம்பியிருந்த டெஸ்க்டாப்பின் பாதிப் பொதிகளும் சேர்ந்து போயின. மறுபடி பூட் செய்தபோது கறுப்புத் திரையும் ஒரு லாகின் வரியும்தான் மிச்சம்.

மறுநாள் காலையில் முதலிலிருந்து இன்ஸ்டால் செய்தேன். அதே மௌனம். ஆனால் இந்த முறை எதையும் மாற்றாமல் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

ஒரு பாட்டு காதுக்கு வருமுன் நான்கு கை மாறுகிறது. பிளேயர் அதை ஒலி சர்வரிடம், அதாவது எல்லாச் செயலிகளின் சத்தத்தையும் வாங்கி அனுப்பும் மென்பொருளிடம், கொடுக்கிறது. சர்வர் அதை லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் உள்ள அல்சா என்ற டிரைவரிடம் கொடுக்கிறது. டிரைவர் போர்டில் உள்ள கோடெக் சிப்பிடம் கொடுக்கிறது. சிப் அதை மின்னலையாக்கி ஸ்பீக்கருக்கோ ஹெட்போனுக்கோ அனுப்புகிறது. சத்தம் வரவில்லை என்றால் இந்தக் கைமாற்றத்தில் ஏதோ ஓர் இடத்தில் நின்றிருக்கிறது. எந்த இடம் என்று தெரியாமல் ஒட்டுகிற கட்டளை, நன்றாக இருக்கும் இன்னொரு இடத்தையும் கெடுத்துவிடக்கூடும்.

இங்கே ஒரு குறிப்பு. கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்துகளில், சிறிய எழுத்தாகத் தட்டுங்கள்.

அடியிலிருந்து தொடங்கினேன். 'ஏபிளே' (ஏ, பி, எல், ஏ, ஒய்) என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, இடைக்கோடும் சின்ன எல் எழுத்தும் சேர்த்தால், கர்னல் அடையாளம் கண்டுகொண்ட ஒலிச் சாதனங்கள் வரிசையாக வரும். அப்பாவின் கணினியில் நான்கு வரிகள் வந்தன. 0 என்ற எண்ணில் அனலாக், அதாவது மடிக்கணினியின் ஸ்பீக்கரும் ஹெட்போனும். 3, 7, 8 என்ற எண்களில் எச்டிஎம்ஐ, அதாவது மானிட்டர் கேபிள் வழி. அந்த நான்கு வரிகளைப் பார்த்ததுமே பாதிப் பயம் போய்விட்டது. டிரைவர் இருக்கிறது, சிப்பை அது பார்த்துவிட்டது. முந்தைய இரவில் நான் டிரைவர் தேடி அலைந்ததற்குத் தேவையே இருந்திருக்கவில்லை.

அடுத்து 'பாவுகண்ட்ரோல்' (பி, ஏ, வி, யூ, அதோடு கண்ட்ரோல்) என்ற சிறு செயலியைத் திறந்தேன். டெஸ்க்டாப்போடு வரும் ஒலி செட்டிங்ஸைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம், ஏனென்றால் இதில் அளவுமானிகள் ஆடுவதைக் கண்ணால் பார்க்கலாம். பிளேபேக் பக்கத்தில் பிளேயரின் பெயருக்குக் கீழே பட்டை துள்ளிக்கொண்டிருந்தது. அதாவது பிளேயர் சர்வரிடம் சத்தத்தைக் கொடுத்துவிட்டது. அவுட்புட் டிவைசஸ் பக்கத்துக்குப் போனேன். அங்கேயும் பட்டை துள்ளியது, எச்டிஎம்ஐ என்ற பெயருக்குக் கீழே.

அப்பாவுக்குக் கண் பார்வை மங்கி வருவதால் ஒரு பெரிய மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்து வைத்திருக்கிறோம். அதில் ஸ்பீக்கர் கிடையாது. புதிதாக நிறுவிய சிஸ்டம் அந்த மானிட்டரை ஒலிக்கான வாசலாக எடுத்துக்கொண்டது. விண்டோஸில் இது எப்போதோ ஒருமுறை மாற்றி வைக்கப்பட்டு எல்லோரும் மறந்துபோன செட்டிங். கான்ஃபிகரேஷன் பக்கத்தில் புரொஃபைலை 'அனலாக் ஸ்டீரியோ டூப்ளெக்ஸ்' என்று மாற்றினேன். பாட்டு நடுச் சரணத்தில் அறைக்குள் வந்தது. அடுத்த அறையிலிருந்து அப்பா, "வந்துடுச்சும்மா!" என்று குரல் கொடுத்தார்.

ஒரே ஒரு சொடுக்கு. அதற்கு முந்தைய இரவு ஒரு சிஸ்டத்தையே கவிழ்த்திருக்கிறேன்.

அந்தக் கட்டளைகள் எழுதப்பட்ட காலத்தையும் பிறகு பார்த்தேன். லினக்ஸின் ஒலி அமைப்பு சில முறை அடிப்படையிலேயே மாறியிருக்கிறது. 2003 டிசம்பரில் வெளியான 2.6 கர்னலிலிருந்து ஓஎஸ்எஸ் என்ற பழைய டிரைவர் அமைப்பின் இடத்துக்கு அல்சா வந்தது. அதன்மேல் பல்ஸ்ஆடியோ என்ற சர்வர், லினக்ஸ் வகைகளில் 2007-இல் ஃபெடோரா 8-இலும், 2008-இல் உபுண்டு 8.04-இலும் இயல்பாகச் சேர்ந்தது. பிறகு பைப்வயர் என்ற புதிய சர்வர் வந்தது: 2021-இல் ஃபெடோரா 34, 2022 அக்டோபரில் உபுண்டு 22.10, 2024-இல் லினக்ஸ் மின்ட் 22 என்று ஒவ்வொன்றாக அதற்கு மாறின. பல்ஸ்ஆடியோ புதிதாக வந்த நாட்களில் 'அதை நீக்கிவிடு' என்பதுதான் பலருடைய முதல் யோசனை. அன்றைக்கு அது சிலருக்கு உதவியிருக்கும். பைப்வயர் ஓடும் கணினியில் அதே யோசனை நடப்பதைக் கெடுக்கும். ஆடியோ குழுவில் பயனரைச் சேர்ப்பதும் அப்படித்தான். இன்றைய சிஸ்டங்களில் கணினிமுன் லாகின் செய்திருப்பவருக்கு ஒலிச் சாதன அனுமதி தானாகவே கிடைத்துவிடுகிறது.

அதனால் இப்போது எந்த யோசனையைப் படித்தாலும் முதலில் தேதியைப் பார்க்கிறேன். பிறகு என் கணினியில் ஓடுவது எந்தச் சர்வர் என்று பார்க்கிறேன். 'பேக்டிஎல் இன்ஃபோ' என்று, அதாவது பி, ஏ, சி, டி, எல், பிறகு இடைவெளி விட்டு இன்ஃபோ என்று தட்டினால் சர்வர் நேம் என்ற வரி வரும். அதில் 'பல்ஸ்ஆடியோ, ஆன் பைப்வயர்' என்று இருந்தால், ஓடுவது பைப்வயர்; பழைய செயலிகளுக்காகப் பல்ஸ்ஆடியோ போல அது பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, பட்டை சரியான சாதனத்தின்கீழ் துள்ளியும் சத்தம் வரவில்லை என்றால்? அடுத்த வாரமே அப்பாவுக்கு அது நடந்தது. ஹெட்போனைக் கழற்றியபின் ஸ்பீக்கர் பேசவில்லை. அனலாக்தான் தேர்வாகியிருந்தது, பட்டையும் துள்ளியது. அப்படியானால் கோளாறு சர்வருக்குக் கீழே.

'அல்சாமிக்சர்' என்று தட்டினேன். திறந்ததும் ஒரே ஒரு பட்டைதான் தெரியும். இதைப் பார்த்து இங்கே ஒன்றும் இல்லை என்று மூடிவிடுகிறவர்கள் பலர். முதல் நாள் நானும் மூடினேன். அது சர்வரின் முகப்பு மட்டும்தான். எஃப்6 விசையை அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுத்தால் மாஸ்டர், ஹெட்போன், ஸ்பீக்கர், பிசிஎம் என்று பட்டைகள் விரியும். ஒவ்வொரு பட்டையின் அடியிலும் ஒரு சின்னப் பெட்டி. அதில் இரண்டு எம் எழுத்துகள் இருந்தால் அந்த வழி அடைத்திருக்கிறது. பச்சையில் இரண்டு சுழிகள் இருந்தால் திறந்திருக்கிறது. அப்பாவின் கணினியில் ஸ்பீக்கர் பட்டைக்கு அடியில் இரண்டு எம். அம்புக்குறி விசையால் அந்தப் பட்டைக்குப் போய் எம் விசையை ஒருமுறை அழுத்தினேன். சத்தம் வந்தது.

ஆனால் ஹெட்போனை மாட்டிக் கழற்றினால் மறுபடி அதே கதை. காரணம் வலக்கோடியில் இருந்தது: ஆட்டோ-மியூட் மோட். ஹெட்போன் மாட்டியதும் ஸ்பீக்கரைத் தானாக அடைக்கும் வசதி. கழற்றியதை ஜாக்கின் உள்ளே உள்ள உணர்வி சரியாகச் சொல்லாவிட்டால் அடைத்தது அடைத்தபடியே நிற்கும். பிளக்கை நாலைந்து முறை செருகி எடுத்தும், ஜாக்கில் படிந்திருந்த தூசியை ஊதியும் பார்த்தேன்; கொஞ்சம் குறைந்தது, தீரவில்லை. கடைசியில் ஆட்டோ-மியூட்டை முடக்கிவிட்டேன். இப்போது ஹெட்போன் மாட்டினால் ஸ்பீக்கரை அப்பா கையால் அடைக்க வேண்டும். அவருக்கு அது பெரிய சிரமமாக இல்லை.

சர்வரை விட்டுவிட்டு, கார்டு மட்டும் பேசுகிறதா என்று சோதிக்க 'ஸ்பீக்கர்-டெஸ்ட்' என்ற கட்டளை இருக்கிறது. இரண்டு சேனல், வேவ் வகை என்று கேட்டால் ஒரு பெண் குரல் இடப்பக்கம், வலப்பக்கம் என்று ஆங்கிலத்தில் மாறி மாறிச் சொல்லும். கார்டு எண்ணையும் சாதன எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் நேராக அந்தச் சாதனத்துக்கே போகும். அங்கே குரல் கேட்டு, பிளேயரில் கேட்கவில்லை என்றால் கோளாறு மேலே. அப்போது பைப்வயர், பைப்வயர்-பல்ஸ், சாதனங்களை பைப்வயரோடு இணைக்கும் வயர்பிளம்பர் ஆகிய மூன்று சேவைகளையும் 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையில் யூசர் விருப்பத்தோடு ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இவை பயனரின் சேவைகள். முன்னால் நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ என்ற சொல்லைப் போடக் கூடாது. போட்டால் வேலை செய்யாது.

என் சொந்த மடிக்கணினி சில ஆண்டுகள் புதியது. அதற்கு லினக்ஸ் போட்டபோது வந்த சிக்கல் வேறு வகை. ஒலி செட்டிங்ஸில் 'டம்மி அவுட்புட்' என்ற ஒரே வரி. ஏபிளே கேட்டால் கார்டே இல்லை என்றது. இப்படி இருந்தால் பாவுகண்ட்ரோலிலோ அல்சாமிக்சரிலோ எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் பயன் இல்லை. அங்கே மாற்றுவதற்கு ஒன்றும் இருக்காது. கர்னல் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். 'டிமெசேஜ்' கட்டளையின் வெளியீட்டில், அதாவது டி, எம், இ, எஸ், ஜி என்று தட்டினால் வருவதில், எஸ்ஓஎஃப் என்ற எழுத்துகளைத் தேடினேன். ஒரு கோப்பை ஏற்ற முயன்று தோற்றதாகச் சிவப்பில் ஒரு வரி, கடைசியில் பிழை எண் -2. அந்த எண்ணுக்கு 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. எனக்கு அது பெரிய நிம்மதி. வன்பொருள் கெடவில்லை, டிரைவரும் இருக்கிறது, ஒரு கோப்பு மட்டும் வரவில்லை.

2004-இல் இன்டெல் வெளியிட்ட எச்டி ஆடியோ முறைப்படி செய்த பழைய கணினிகளில் கர்னல் நேராகக் கோடெக்கிடம் பேசிவிடும். சமீபத்திய பல மடிக்கணினிகளில் நடுவில் ஒரு டிஎஸ்பி, அதாவது ஒலிக்கான சிறு பிராசஸர் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் டிஜிட்டல் மைக்குகள் நேராக அதோடு இணைந்திருக்கும். அந்தப் பிராசஸருக்கு ஒவ்வொரு முறையும் பூட் ஆகும்போது ஃபர்ம்வேர், அதாவது அதற்குள் ஓடும் மென்பொருள், ஏற்ற வேண்டும். 2018-இல் அறிவிக்கப்பட்ட சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற திட்டம் தருவது அதைத்தான். அதன் சுருக்கம்தான் எஸ்ஓஎஃப். ஆர்ச் என்ற லினக்ஸ் வகையில் இந்தப் பொதிக்கு எஸ்ஓஎஃப்-ஃபர்ம்வேர் என்று பெயர், ஃபெடோராவில் அல்சா-எஸ்ஓஎஃப்-ஃபர்ம்வேர், டெபியனில் ஃபர்ம்வேர்-எஸ்ஓஎஃப்-சைன்ட். நான் போட்ட லினக்ஸில் அது தானாக வந்திருக்கவில்லை. நிறுவி, ரீஸ்டார்ட் செய்ததும் ஸ்பீக்கரும் மைக்கும் இரண்டும் வந்தன.

இதை முதல் முயற்சியிலேயே கண்டுபிடித்துவிடவில்லை. அதற்கு முன் ஒரு குறுக்குவழி கிடைத்தது: கர்னல் மாட்யூலுக்கு டிஎஸ்பி-டிரைவர் என்ற விருப்பத்தில் 1 என்று கொடுத்து, டிஎஸ்பியை விலக்கிப் பழைய முறைக்குத் தள்ளிவிடுவது. கொடுத்தேன், ஸ்பீக்கர் உடனே பேசியது. வேலை முடிந்தது என்று மூடிவைத்தேன். இரண்டு நாள் கழித்து ஓர் ஆன்லைன் கூட்டத்தில் நான் பேசுகிறேன், எதிரில் எல்லோரும் காதைக் காட்டிக் கை அசைக்கிறார்கள். டிஎஸ்பியை விலக்கியபோது அதோடு இணைந்திருந்த மைக்கும் போய்விட்டது. அன்றைக்குத் தொலைபேசியில் சேர்ந்து சமாளித்தேன். அதிலிருந்து ஸ்பீக்கர் வந்தது என்று நிறுத்துவதில்லை. மைக்கில் பத்து வினாடி பேசிப் பதிவுசெய்து, போட்டுக் கேட்டபிறகுதான் எழுகிறேன்.

மைக்கைப் பற்றி இன்னொன்று. குரலோடு இரைச்சலும் சேர்ந்து வந்தால், அல்சாமிக்சரில் எஃப்4 அழுத்தி, பேர் கடைசியில் பூஸ்ட் என்று இருக்கும் பட்டையைத் தேடிக் குறையுங்கள். அது உச்சியில் இருந்தால் மின்விசிறி, விசைப்பலகை எல்லாம் உங்களோடு சேர்ந்து பேசும்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போட்டிருக்கிறவர்கள் ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம். விண்டோஸிலிருந்து ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்கு வந்தால் மட்டும் சத்தம் இல்லையா? கணினியை முழுதாக அணைத்து, சில வினாடி விட்டுத் திறந்தால் வருகிறதா? அப்படியென்றால் விண்டோஸ் டிரைவர் கோடெக் சிப்பை விட்டுப்போன நிலையிலேயே லினக்ஸ் அதைச் சந்திக்கிறது. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிட்டு, மாறும்போது ரீஸ்டார்ட்டுக்குப் பதில் ஷட்டவுன் செய்வதே வழி.

அப்பாவின் கணினியில் மூன்றாவதாக வந்த சிக்கலை அவர்தான் கவனித்தார். அண்ணன் மகள் அவருக்குச் சின்னச் சின்னக் குரல் செய்திகள் அனுப்புவாள். எல்லாம் 'தாத்தா' என்று தொடங்கும். "இந்தப் புள்ள ஏம்மா 'த்தா'ன்னு கூப்பிடுது?" என்று கேட்டார். நான் போட்டுக் கேட்டேன். உண்மைதான், முதல் எழுத்து விழுங்கப்பட்டிருந்தது, அதற்கு முன் 'டப்' என்று ஒரு சின்ன வெடிப்பு. பாட்டில் இது தெரிவதில்லை, முதல் அரை வினாடி யாருக்கும் உறைக்காது. மூன்று வினாடிச் செய்தியில் அது பெரிய இழப்பு.

சத்தம் ஓடாதபோது கோடெக் சிப் மின்சாரம் மிச்சப்படுத்தத் தூங்குகிறது. செய்தி வந்ததும் விழித்து, வாய் திறப்பதற்குள் முதல் எழுத்து போய்விடுகிறது. இது இரண்டு இடத்தில் நடக்கலாம். ஒன்று, எச்டி ஆடியோ டிரைவரின் பவர்-சேவ் விருப்பம். அதில் இருக்கும் எண் எத்தனை வினாடியில் தூங்க வேண்டும் என்பது, 0 என்றால் தூங்காது. இன்னொன்று வயர்பிளம்பர், சத்தம் நின்ற 5 வினாடியில் சாதனத்தை ஓய்வுக்கு அனுப்புவது அதன் இயல்பு, அதன் கான்ஃபிக் கோப்பிலும் 0 கொடுத்து நிறுத்தலாம். பவர்-சேவை மட்டும் முதலில் மாற்றினேன். 'டப்' போனது, விழுங்குவது குறைந்தது. வயர்பிளம்பரிலும் மாற்றியதும் 'தாத்தா' முழுதாக வந்தது. இரண்டையும் ஒன்றாக மாற்றியிருந்தால் எது எதைச் செய்தது என்று தெரிந்திருக்காது. பேட்டரியில் ஓட்டுகிறவர்கள் இதைச் செய்வதற்கு முன் யோசிக்க வேண்டும். அப்பாவின் கணினி எப்போதும் சார்ஜரில்தான்.

கரகரப்பு வந்தால் 'பிடபிள்யூ-டாப்' என்ற கட்டளையைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டைப் போடுங்கள். பிழைக்கான பத்தியில் எண் ஏறிக்கொண்டே போனால், கணினியால் நேரத்துக்குள் ஒலித்துண்டுகளைத் தயார் செய்ய முடியவில்லை. பைப்வயர் இயல்பாக 1024 மாதிரிகளை ஒரு துண்டாக எடுக்கும். வினாடிக்கு 48,000 மாதிரி என்றால் அது சுமார் 21 மில்லி வினாடி. பழைய பிராசஸருக்கு அந்த அவகாசம் போதாதபோது 2048 ஆக்கினால் இரட்டிப்பு நேரம் கிடைக்கும். பாட்டுக் கேட்பவருக்கு அந்தத் தாமதம் தெரியாது. கருவி இசைத்துப் பதிவுசெய்கிறவருக்குத் தெரியும்.

புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமையாக இருந்து, கூட்டத்தில் சேர்ந்ததும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஆனால், லினக்ஸைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஏ2டிபி என்ற தரமான முறையில் மைக் கிடையாது. மைக் வேண்டும் என்றதும் தொலைபேசிப் பேச்சுக்கான முறைக்கு இறங்கிவிடுகிறது. மடிக்கணினியின் மைக்கைத் தேர்ந்தெடுத்து, ஹெட்செட்டைக் கேட்க மட்டும் வைத்துக்கொண்டால் தரம் இறங்காது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

இப்போது யாராவது லினக்ஸ் போட்டுத் தரச் சொன்னால் இன்ஸ்டால் பொத்தானைத் தொடுவதில்லை. நிறுவாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்க உதவும் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, ஸ்பீக்கர், மைக், ஹெட்போன் மாட்டியும் கழற்றியும், எச்டிஎம்ஐ இணைத்தும் எடுத்தும், கடைசியாக ஒருமுறை தூங்க வைத்து எழுப்பியும் கேட்கிறேன். கால் மணி நேரம் ஆகும். ஏபிளே தந்த வரிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். பிறகு ஏதாவது மாற்றினால் அதே தாளில், மாற்றுவதற்கு முன் என்ன இருந்தது என்பதையும் சேர்த்து.

போன மாதம் அப்பா மேசையைத் துடைக்கும்போது மானிட்டர் கேபிளைக் கழற்றி மாட்டியிருக்கிறார். நான் வேலையில் இருந்தேன். மாலையில் அவரே அழைத்தார்.

"சத்தம் மறுபடியும் மானிட்டருக்குப் போயிடுச்சும்மா."

"இருங்கப்பா, வந்து பாக்குறேன்."

"வேணாம், பட்டை எதுக்குக் கீழ ஆடுதுன்னு பாத்தேன். நானே திருப்பிட்டேன்." பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.